மாந்தோப்புக்குப் பத்துக்குப் பத்து

இடம் பார்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டேனா, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். என் வேலை அப்படி. எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில், லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளுக்கு இடம் போடுகிறவன் நான். எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் உட்கார வேண்டும் என்று நான் சொன்னால்தான் கிரேன் அசையும். ஒரு பெட்டி இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் பேஜார். அதனால் எங்கே போனாலும் என் கண் முதலில் தரையைப் பார்க்கும், அடுத்தது வண்டி திரும்ப வழி இருக்கிறதா என்று பார்க்கும். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கிங்கைப் பார்க்கிற ஜென்மம்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை யார்டோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எர்ணாவூரில் எனக்கு ஒரு தோஸ்து, வேன் ஓட்டுகிறவன். ஓடித் தேய்ந்த பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, பின்பக்க சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டான். கூரையில் தண்ணீர் டிரம், பின்கதவு ஓரம் கேஸ் அடுப்பு, ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை. “சினிமாக்காரங்கதான் கேரவான் வச்சிகினு சுத்தணுமா மாமு? இது நம்ம கேரவான்” என்பான். அந்த வண்டியில் எல்லாம் இருந்தது, கக்கூஸ் மட்டும் இல்லை. அது ஒரு குறை என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வருஷா வருஷம் மே மாதம் ஒரு வாரம் அந்த வண்டியில் கிளம்புவோம். நான், என் மனைவி, என் அக்கா, பக்கத்து வீட்டு பாய், அவர் மனைவி, ஓட்டுவதற்கு என் தோஸ்து. ஆறே பேர். லாட்ஜ் கிடையாது, மூன்று டென்ட் உண்டு. எங்கே போய் டென்ட் அடிப்பது என்று முடிவு செய்வது நான். மற்றவர்கள் சும்மா ஏறி உட்கார்ந்தால் போதும்.

அதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தேன். தென் மாவட்டங்களிலிருந்து யார்டுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி டிரைவர்களைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணே, உங்க ஊர்ப் பக்கம் நாலு நாள் வண்டியப் போட்டுத் தங்க நல்ல எடம் எது?” என்று விசாரிப்பேன். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, போய்ப் பார்த்து மார்க் போடுவேன். நிழல், தண்ணீர், தரை, வண்டி திரும்ப வழி, போன் சிக்னல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், மொத்தம் பத்து. ஒரு அணைக்கட்டுப் பூங்காவுக்கு ஏழு போட்டேன். செவ்வெறும்பு இல்லாவிட்டால் எட்டு வந்திருக்கும். போனில் ‘கேம்ப் சைட்’ என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு இடத்துக்கு ஆசையாகப் போனால், பொட்டல் காட்டில் நாலு கம்பு நட்டு சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு. இப்படி மார்க் போட்டுப் போட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்த நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். இருபத்தேழு இடங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு பெண் எங்கே போய் உட்காருவாள் என்று ஒரு வரி கிடையாது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட் ஒன்றில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அந்த ஷெட்டில் கக்கூஸ் ஒன்று இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீரும் வராது. கலீஜ். அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. விடியற்காலையில் ஒரு கிளாஸ் டீ, அதற்குப் பிறகு மூன்று மணிக்கு வூட்டுக்கு வந்துதான் தண்ணீர். புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு இறால் உரிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அதே பழக்கத்தோடு அவள் எங்கள் வேனிலும் ஏறினாள். எத்தனை மணி நேரம் ஓடினாலும் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டாள். என் மனைவியோ பாய் மனைவியோ நிறுத்தச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று வரும், திட்டமெல்லாம் குலைகிறதே என்று. அக்காவைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். பிரயாணத்துக்கென்றே பிறந்தவள் என்று அவள் காதுபடவே சொல்வேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் முன்னால் தேனிப் பக்கம் போனோம். ஒரு லாரி டிரைவர் அவருடைய மச்சானின் மாந்தோப்பைப் பற்றிச் சொல்லியிருந்தார். பம்ப் செட் இருக்கிறது, கிணறு இருக்கிறது, எதிரிலேயே மலை, தாராளமாக வண்டியைப் போடலாம் என்று. மூன்று மாதமாக அந்தத் தோப்பை நினைத்தே சப்புக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

தோப்புக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ரோடு வளைவில் ஒரு சின்ன ஓட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். சாப்பிட்டுவிட்டுப் பெண்கள் மூன்று பேரும் ஓட்டலின் பின்பக்கம் போனார்கள். திரும்பி வரும்போது பாய் மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அண்ணே, பின்னாடி மூணு பாத்ரூம் கீது. தாழ்ப்பா கீது, லைட்டு கீது, கொழாயில தண்ணி வருது. வண்டி போடவும் எடம் கீது. இங்கயே தங்கிட்டா இன்னா?”

போய்ப் பார்த்தேன். தகரக் கதவு போட்ட மூன்று பாத்ரூம்கள், ஒரு டிராக்டர், காலி டீசல் கேன்கள், பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து பறந்து வந்து படிந்த உமி. பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. மனதுக்குள் நாலு மார்க் போட்டேன். “மொதல்ல தோப்பப் பாக்கலாம், புடிக்கலன்னா இங்க வரலாம்” என்று சொல்லி, போர்டில் இருந்த ஓட்டல்காரர் நம்பரை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டேன்.

தோப்பு நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. மாங்காய் பறிக்கிற சமயம் என்பதால் கீழே ஒரு செடி கொடி விடாமல் சுத்தமாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். நிழலென்றால் அப்படி ஒரு நிழல். டென்ட் வாசலில் உட்கார்ந்தால் நேர் எதிரே மலை. வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பியது. சிக்னல் முழுசாக வந்தது. அங்கேயே நின்றபடி நோட்டை எடுத்து எழுதினேன், பத்துக்குப் பத்து. வாழ்க்கையில் முதல் தடவை.

என் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். “எல்லாம் சரி. நாங்க எங்க போவோம்?” என்றாள். தோப்பில் மாங்காய் பறிக்க ஒரு கூட்டம் ஆட்கள் இருந்தார்கள். பம்ப் செட்டில் ஊர் ஆம்பிளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை; அந்தச் சுத்தமான தரைக்குத்தான் நான் இரண்டு மார்க் போட்டிருந்தேன். “அந்த ஓட்டலுக்கே பூடலாம். போன் போட்டுக் கேளு” என்றாள்.

வேலி ஓரமாகத் தள்ளிப் போய் போன் போட்டேன். ஓட்டல்காரர் உடனே எடுத்தார். “வாங்க சார், தாராளமா வாங்க. எடம் சும்மாதான் கெடக்கு. பாத்ரூமெல்லாம் கழுவி விடச் சொல்றேன்” என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் தோஸ்தும் பாயும் டென்ட் விரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்த மலை. காலையில் எழுந்து டென்ட்டையும் மலையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து யார்டு குரூப்பில் போட வேண்டும் என்று மூன்று மாதமாக ஆசைப்பட்டிருந்தேன். காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

“அங்க எடம் இல்லியாம். வேற வண்டிக்காரங்க புக் பண்ணிட்டாங்களாம்” என்றேன்.

ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. நான் இடம் பார்க்கிறவன் ஆயிற்றே. பாய் மனைவி மட்டும் “அச்சோ” என்றாள். பாத்ரூமுக்கு மட்டுமாவது வேனில் அங்கே போய் வரலாமா என்று என் மனைவி கேட்டாள். வேறு வண்டிக்காரர்கள் தங்கியிருக்கும்போது அங்கே போய் எப்படி நிற்பது என்று அவளே கூச்சப்பட்டு விட்டுவிட்டாள். என் பொய் அந்த வழியையும் சேர்த்து அடைத்தது.

பெண்கள் மூன்று பேரும் தங்களுக்குள் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவில் உள்ள அத்தனை மணி நேரமும் மே மாத வெயில். ஆம்பிளைகள் நாங்கள் பம்ப் செட்டில் குளித்தோம், மோர் குடித்தோம், மாம்பழம் தின்றோம், தோன்றியபோது வேலி ஓரம் போய் வந்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாய் மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். கையில் மோர் டம்ளர், பாதி குடித்திருந்தாள். “அண்ணே, வண்டிய ஒரு பத்து நிமிஷம் ரோட்டுப் பக்கம் எடுக்கச் சொல்றீங்களா? பெட்ரோல் பங்க் எதுனா இருந்தா...”

தோஸ்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். எனக்கு எரிச்சல். “எங்க அக்காவப் பாரும்மா. வயசுல உனக்கு அம்மா மாதிரி. இத்தினி வருஷத்துல ஒரு தபா வண்டிய நிறுத்துன்னு சொல்லிகீறாங்களா?” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. மிச்ச மோரை மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். அக்கா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, “எனக்கு ஷெட்டுல பயகிடுச்சிம்மா. நீ கொஞ்சமா குடி, ஒண்ணியும் தெரியாது” என்றாள். இதை அவள் என்னை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்காகச் சொன்னாள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அக்கா எப்படித் தண்ணீர் கேட்பாள்? ஊர் முன்னால் அவளைத் தூக்கி உச்சியில் உட்காரவைத்துவிட்டேன், இறங்குவதற்கு வழி வைக்கவில்லை. மூன்றாம் நாள் தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அக்கா தன் பங்கை என் தோஸ்திடம் நீட்டினாள். “நீ குடி நைனா, வண்டி ஓட்டுறவன்.” பாருங்கள், என் அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் அதற்கும் பூரித்துப்போனேன். அன்று சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டென்ட்டுக்குள் படுத்தாள். தரையில் படுத்ததால் பிடித்துக்கொண்டது என்றாள். நானும் தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலையில் அவளுக்குக் குளிர் ஜுரம். அந்த வெயிலில் இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுவென்று ஆடியது. வாந்தி வேறு. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து டவுன் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போகிற வழியில் அந்த ஓட்டலைத் தாண்டினோம். பின்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. டிராக்டரைத் தவிர ஒரு வண்டி இல்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று நான் வேனுக்குள் திரும்பிப் பார்த்தேன். அக்கா அரை மயக்கத்தில் கிடக்கும்போது என் கவலை அதுவாக இருந்தது. இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அங்கிருந்த நர்ஸ் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?” அக்கா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி சொன்னாள், நாலு நாளும் நடந்ததை ஒன்று விடாமல். நீர்க்கடுப்பு முற்றிக் கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். வராந்தாவுக்கு வந்ததும் மனைவி என்னைப் பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

“பொட்டிக்கு எடம் பாக்குற மாரியே எங்களுக்கும் பாத்துகீற. பொட்டிக்கு ஒண்ணுக்கு வராது, தெரியுமா?”

சென்னைக்குக் கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தபோது முழுசும் தெரிந்தது. அக்காவின் ஒரு கிட்னி ஏற்கெனவே கல் அடைத்துப் பழுதாகிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஜுரத்தில் அது சுத்தமாகப் போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், வேளா வேளைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஷெட் வேலை கூடவே கூடாது என்றார்கள். பல வருஷப் பழக்கத்தால் வந்த கெடுதல் இது, நாலு நாளில் வந்ததில்லை என்றும் டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. கொஞ்ச நாள் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். ஆனால் முப்பது வருஷம் தாக்குப்பிடித்ததை நாலே நாளில் முடித்துவைத்தது யார் என்று என் மனசுக்குத் தெரியாதா?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் யார்டுக் கதை பேசிவிட்டு வந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அக்காவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், அப்படி ஒரு இடத்திலா போய்த் தங்கினீர்கள் என்று. அக்காவும் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“தம்பி இன்னா பண்ணுவான், பாவம். போன் போட்டு கேட்டான். அங்க எடம் இல்லன்னுட்டாங்க.”

ஷெட் பெண்களிடம் சொன்னாள். தெருக்காரர்களிடம் சொன்னாள். என் மனைவி ஜாடையாக என்னைக் குத்தியபோது அவளிடமும் சொன்னாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட என் பொய்யை எனக்காகத் தூக்கிச் சுமந்தாள். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருக்கும்.

போன வருஷம் எங்கேயும் போகவில்லை. இந்த வருஷம் ஏப்ரலில் ஒரு சாயங்காலம் திருவொற்றியூரில் அக்கா வூட்டுக்குப் போயிருந்தேன். அவள் பக்கத்தில் எப்போதும் போல ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். உடம்பு தேறியிருந்தது.

“வூட்லயே குந்திகினு போர் அடிக்குதுடா. அந்தத் தேனிப் பக்கமே ஒருக்கா போலாம். ஆனா அந்த ஓட்டல்காரர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிடு. போன தபா மாரி எடம் இல்லன்னுடப் போறாரு.”

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். இப்பவே போடு என்றாள். நம்பர் அழிந்துபோயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. போட்டேன். “ஸ்பீக்கர்ல வை, நானும் கேக்குறேன்” என்றாள். வைத்தேன். அவர் எடுக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டாவது ரிங்கில் எடுத்தார். “மெட்ராஸ் வேன் சாரா? உங்க நம்பர அப்பவே போட்டு வச்சிருந்தேன். என்ன சார் நீங்க, அன்னைக்கு வாங்கன்னு சொன்னேன், மூணு பாத்ரூமையும் கழுவிவிட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டீங்களே.”

அக்காவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். தெருவில் குடம் வைத்துக்கொண்டு யாரோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது. போனில் அவர் “ஹலோ, ஹலோ” என்றார்.

“எத்தினி பேருன்னு சொல்லு” என்றாள் அக்கா.

ஆறு பேர் என்றேன். தேதி கேட்டார், சொன்னேன். போனை வைத்துவிட்டு, அக்கா என்ன சொல்வாளோ என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் அடுக்களைக்குப் போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஆறவிட்டே குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டூர் விஷயம் பேச பாயும் அவர் மனைவியும் அக்கா வூட்டுக்கு வந்தார்கள். நானும் என் மனைவியும் இருந்தோம். அந்த ஓட்டலிலேயே தங்கப் போகிறோம் என்று கேட்டதும் பாய் மனைவிக்குச் சந்தோஷம். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு அக்காவிடம் கேட்டாள். “இந்த வாட்டி கண்டிப்பா எடம் குடுப்பாங்களாக்கா? அன்னிக்கு இல்லன்னுட்டாங்களே.”

பழக்கத்தில் நான் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். தம்பி இன்னா பண்ணுவான், பாவம். அக்கா பாட்டிலைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றினாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ சொல்லு நைனா” என்றாள்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். பாயும் திரும்பினார். நான் பாய் மனைவியைப் பார்த்துதான் சொன்னேன், அன்றைக்கு மோரைக் கீழே ஊற்றியவள் அவள்தானே.

“அன்னிக்கும் எடம் இருந்துச்சும்மா” என்றேன்.